பட்டியலில் நீடித்த பாட்டு

நல்ல பாட்டு தனக்கான காதைத் தானே தேடிக்கொள்ளும், காலம்தான் கொஞ்சம் பிடிக்கும் என்று இசை ரசிகர்கள் சொல்வதுண்டு. அதற்குச் சான்றாக அவர்கள் முதலில் காட்டுவது நிக் டிரேக்கை. 1948இல் ரங்கூனில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த டிரேக், குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடியவர். மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. 1969 முதல் 1972 வரை மூன்று இசைத்தட்டுகள் வந்தன. மூன்றாவதான ‘பிங்க் மூன்’ லண்டனில் இரண்டே இரவுகளில் பதிவானது. அதில் குரலும் கிதாரும்தான், தலைப்புப் பாடலில் மட்டும் சிறிது பியானோ. வந்த காலத்தில் எந்தத் தட்டும் 5,000 பிரதியைத் தாண்டவில்லை. 1974இல், 26 வயதில் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து, 1999இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரமொன்றில் அந்தத் தலைப்புப் பாடல் ஒலித்ததும் விற்பனை பல மடங்கானது.

காலம் தந்த நீதி என்று இதை வாசிப்பது இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1972இல் இருந்த அதே பாட்டுதானே 1999லும் இருந்தது? தரம் கூடவில்லையே. இடையில் நடந்தது வேறு. டிரேக்கை அறிமுகப்படுத்திய தயாரிப்பாளர் ஜோ பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றபோது, டிரேக்கின் தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார். விற்காத தட்டை மறுபடி அச்சடிக்காமல் விடுவது அந்தத் தொழிலின் வழக்கம்; அது டிரேக் விஷயத்தில் தடுக்கப்பட்டது. 1979இல் மூன்று தட்டுகளும் ஒரே பெட்டியாகவும் வந்தன. விளம்பரம் பார்த்தவர் கடைக்குப் போனால் வாங்குவதற்குத் தட்டு இருந்தது. புகழுக்கு விளம்பரம்தான் காரணம் என்பாரும் உண்டு. பாதி உண்மை. எத்தனையோ விளம்பரப் பாடல்கள் முப்பது விநாடியில் மறைந்துவிட்டன.

நிபந்தனை ஏதுமில்லாமலே பிழைத்த பாட்டுகள் இல்லையா என்று கேட்கலாம். பாடகி வஷ்டி பனியனைச் சொல்வார்கள். பொருத்தமான கேள்விதான், ஏனென்றால் 1970இல் வந்த அவருடைய ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’க்கும் தயாரிப்பாளர் அதே ஜோ பாய்ட். டிரேக்குக்கு வாத்திய இசை அமைத்த ராபர்ட் கிர்பி இதிலும் உண்டு. பாடும் விதமும் அதே மென்மை. ஆனால் இதை வெளியிட்டது பிலிப்ஸ் நிறுவனம். அங்கே அப்படியொரு காப்பு இல்லை. தட்டு விற்கவில்லை, கடைகளிலிருந்து மறைந்தது, பனியன் பாடுவதையே விட்டுவிட்டார். பழைய தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் அதை உயிரோடு வைத்திருந்ததால்தான் 2000இல் மறுபதிப்பு சாத்தியமானது. அவருடைய இரண்டாவது இசைத்தொகுப்பு வெளிவந்தது 2005இல். அப்போது அவருக்கு வயது 60.