மாறாப் பணப்பொருள்

மாறாப் பணப்பொருள் என்பது, தொகையையும் நாணயத்தையும் சேர்த்துக் குறிக்கும், உருவாக்கிய பின் மாற்ற இயலாத நிரலாக்க மதிப்புப்பொருள் ஆகும். கூட்டல், பெருக்கல் முதலிய எச்செயலும் மூலப்பொருளை மாற்றாமல் புதிய பொருளொன்றையே தரும். அதை ஒரு மாறியில் வாங்கி வைக்காவிட்டால் கணக்கீடு பயனற்றுப்போகும்.

இயல்புகள்: நாணயங்கள் ஐஎஸ்ஓ 4217 குறியீடுகளால் சுட்டப்படும். தசம இடங்கள் யென்னுக்கு 0, ரூபாய்க்கு 2, குவைத் தினாருக்கு 3. வெவ்வேறு நாணயத் தொகைகளை நேரடியாகக் கூட்ட இயலாது. இரும மிதவைப் புள்ளி எண்கள் 0.1-ஐத் துல்லியமாகக் குறிக்காததால், தொகை முழு எண்ணாகவோ தசம வகையிலோ சேமிக்கப்படும்.

தனிப்பயன் கணக்கீடு: வரி, தள்ளுபடி, முழுமையாக்கல் போன்ற விதிகள் தனிச் சார்புகளாக எழுதப்பட்டுப் பொருளின்மீது செயற்படுத்தப்படும். ஜாவா நிரல்மொழியில் ‘மானிட்டரிஆப்பரேட்டர்’ இடைமுகமும் ‘வித்’ செயல்முறையும் இதற்குரியவை. சுவிஸ் ரொக்க முழுமையாக்கல் 12.43 பிராங்கை 12.45 ஆக்கும். ரூ.100-ஐ மூன்றாகப் பகிரும் சார்பு 33.34, 33.33, 33.33 எனப் பிரித்து, மிஞ்சும் பைசா விடுபடாமல் காக்கும்.

வரலாறு: மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் பவுலர் 2002-இல் வெளியிட்ட நூலில் ‘மணி’ என்னும் வடிவமைப்பு முறையை விவரித்தார். ஜாவாவில் பணத்தையும் நாணயத்தையும் கையாள்வதற்கான ஜேஎஸ்ஆர் 354 வரையறை 2015-இல் இறுதியானது.

முக்கியத்துவம்: நிரலின் பல இழைகள் ஒரே பொருளை ஒருசேரப் பயன்படுத்தினாலும் அதன் மதிப்பு பிறழாது, ஒவ்வொரு விதியையும் தனித்துச் சோதிக்கலாம்.