அரசறமும் மனையறமும்

இராமபிரான் முடிசூடிய பின்னர்ச் சீதாபிராட்டியைக் கானகத்து விடுத்த செய்தி, இராமகதையைப் போற்றுவார்க்கும் தூற்றுவார்க்கும் ஒருங்கே இடர் தருவதொன்றாம். போற்றுவார், அரசன் கடமை கணவன் கடமையினும் பெரிதாகலின் விடுத்தான் என்று கூறி அமைவர். தூற்றுவார், குற்றமிலாட்குக் கொடுமை செய்தான் என்று கூறி அமைவர். இக்கதையைப் பாடிய பெரும்புலவர்கள் இதன்கண் யாது கண்டனர் என்பதனை இவ்விரு திறத்தாரும் நோக்கினாரல்லர். வான்மீகி நூலின் உத்தரகாண்டம், காளிதாசரின் இரகுவமிசம், பவபூதியின் உத்தரராமசரிதம் என்னும் மூன்றனையும் வரன்முறையே வைத்து நோக்குவார்க்கு, அரசறம் வென்றது, மனையறம் தோற்றது என்னும் முடிபு அவற்றுள் யாண்டும் இல்லாமை புலனாம்.

உத்தரகாண்டத்தின் பழமைபற்றி முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். யுத்தகாண்ட இறுதியில் முடிசூட்டும் நூற்பயனும் உரைக்கப்பட்டு நூல் முற்றியதுபோல் தோன்றுதலானும், மகாபாரத வனபருவத்து இராமோபாக்கியானம் முடிசூட்டோடு நின்றுவிடுதலானும், இக்காண்டம் பின்னர்ச் சேர்ந்ததென்பர் ஆராய்ச்சியாளர் பலர். ஜெர்மானிய அறிஞர் யாக்கோபி என்பார் 1893-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கொள்கையை நிறுவ முயன்றனர். நம் கம்பநாடரும் முடிசூட்டோடு காப்பியத்தை முடித்தனர். தமிழிலுள்ள உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் செய்தது என்பது வழக்கு. ஆயினும், பிற்பட்டது என்பது பற்றியே இதனைப் புறத்தே தள்ளிவிடுதல் இயலாது. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பரோடா கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தார் 1960 முதல் 1975 வரை வெளியிட்ட பதிப்பினும் இச்செய்தி நீக்கப்படாது நிற்கின்றது. காளிதாசர் காலத்தே அது நாடறிந்த கதையாய் இருந்தது.

பாலகாண்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதற் சருக்கத்து நாரதர் உரைத்த கதைச்சுருக்கத்தில் சீதையை விடுத்த செய்தி இல்லை. மூன்றாஞ் சருக்கத்துச் சுருக்கத்தில் உண்டு. அங்கே, நாட்டாரை மகிழ்வித்த செய்தியும் வைதேகியை விடுத்த செய்தியும் இடையீடின்றி அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. மகிழ்வித்தலைக் குறிக்க ஆசிரியர் ஆண்ட சொல் 'ரஞ்ஜனம்' என்பது. குடிகளை ரஞ்ஜனம் செய்தலானே பிருது 'ராஜா' எனப்பெற்றான் என்று சாந்திபருவம் பெயர்க்காரணம் கூறும். இரகுவைக் குறித்துக் காளிதாசரும் அவ்வாறே கூறுவர். இக்கால மொழிநூலார் அச்சொற்குப் பிறிதொரு வேர் காட்டுவர், அது நிற்க. பண்டையோர் அரசன் என்னும் பெயரிலேயே குடிகளின் மகிழ்ச்சியைக் கண்டனர் என்பதே ஈண்டு வேண்டுவது. அம்மகிழ்ச்சிக்கு எல்லை உண்டோ என்பதே வினா.

வான்மீகி நூலில், பத்திரன் என்பான் நகரத்தார் பேச்சினை அரசற்கு உரைக்கின்றான். மாற்றான் எடுத்துச் சென்றவளை மீட்டு உடன்வைத்து வாழும் அரசனைப் பார்த்து, இனி எம் மனைவியர் திறத்தும் யாமும் இதனைப் பொறுக்கவேண்டும்போலும், அரசன் எவ்வழி அவ்வழிக் குடிகளன்றோ என்று ஊரார் பேசினர். இலங்கையிலே அக்கினிதேவன் அளித்த சான்று அயோத்தித் தெருவிற்கு எட்டவில்லை. இராமன் தம்பியரை அழைத்து, சீதை தூயள் என்பதனைத் தன் அகம் அறியும் என்று வெளிப்படக் கூறுகின்றான். கூறிய பின்னரும், பழிக்கு அஞ்சி விடுக்கின்றேன் என்கின்றான். மறுமொழி கூறலாகாது என்றும் ஆணையிடுகின்றான். கங்கைக்கரைத் தவப்பள்ளிகளைக் காண வேண்டுமென்று கருவுற்ற பிராட்டி முன்னர்க் கேட்டிருந்தாள். அவ்விருப்பத்தையே ஏதுவாகக் கொண்டு இலக்குவன் அவளைத் தேரேற்றிச் சென்றான்.

ஈண்டு எமக்கு மிகக் கொடிதாய்த் தோன்றுவது விடுத்தமை அன்று, விடுத்த முறையே. தந்தை சொல்லைப் பொய்யாக்கலாகாது என்று பதினான்கு ஆண்டு காடு புகுந்தவன், மனைவிக்கு ஒரு சொல் முகம்நோக்கி உரைத்தானல்லன். அமைச்சரைக் கூட்டி ஆராய்ந்தானல்லன், வசிட்டரை வினாவினானல்லன். முறை வேண்டினார் சொற்கேட்டு முறைசெய்தல் அரசறமாயின், சீதையும் அந்நாட்டுக் குடிகளுள் ஒருத்தியே. அவள் சொல் கேட்கப்படவில்லை. அரசைத் தம்பியர்க்கு அளித்து அவளொடு தானும் வனம் புக்கிருக்கலாகாதோ எனின், முடிசூடிய வேந்தன் பழிச்சொற்கு ஒதுங்கி ஓடின் அப்பழி உறுதிப்பட்டதாகிவிடும் ஆகலின் அதுவும் எளிதன்று. வான்மீகியின் சீதையோ, கணவனே தெய்வம் என்று அதனை ஏற்று, தம்பியர்பால் ஒழுகுமாறே குடிகள்பாலும் ஒழுகுக என்று செய்தி விடுக்கின்றாள்.

காளிதாசரின் சீதை அவ்வாறு அமைந்திலள். 'அவ்வரசனுக்குச் சொல்' என்று இலக்குவனிடம் தொடங்குகின்றாள். அன்பர் என்றிலள், கணவர் என்றிலள், அரசன் என்றாள். தீயிற் புக்குத் தூயளாயினமை கண்கூடாகக் கண்டும் ஊர்ச்சொற் கேட்டு விடுத்தல் நின் கல்விக்கும் குலத்திற்கும் ஒக்குமோ என்று வினாவுகின்றாள். உடனே, இது என் பழவினைப்பயன் என்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றாள். மகப்பெற்ற பின் கதிரவனை நோக்கித் தவம்புரிந்து, மறுபிறப்பினும் பிரிவின்றி அவனையே கணவனாகப் பெறுவேன் என்கின்றாள். பின்னர்க் கூறுவதே கூர்மையுடையது. வருணாசிரமங்களைக் காத்தல் அரசன் கடன். மனைவியென நினையாவிடினும், நாட்டுத் தவப்பெண்டிருள் ஒருத்தியென்றேனும் என்னை நினைந்து காக்க என்கின்றாள். அரசறத்தின் பெயராலே விடுக்கப்பட்டவள், அவ்வரசறத்தையே சான்றாகக் காட்டி அரசனிடம் தன் உரிமை கேட்கின்றாள். அவளை எதிர்கொண்ட வான்மீகி முனிவரும், உலகிற்கு நன்றுசெய்தவனே ஆயினும் நின்திறத்து இவ்வாறு நடந்த பரதன் தமையன்மேல் எமக்குச் சினம் உண்டு என்கின்றனர்.

இப்புலவர் பிறிதோரிடத்துச் செய்ததனை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். மகாபாரத ஆதிபருவத்தில், சகுந்தலை மகனொடு அவைக்கு வந்தபொழுது துசியந்தன் அவளை அறிந்தே அறியேன் என்கின்றான். வானொலி எழுந்து சான்று கூறிய பின்னர், அச்சான்று இன்றி ஏற்பின் உலகம் மகனை ஐயுறும் என்று அஞ்சியே மறுத்தேன் என்று உரைக்கின்றான். அங்கும் அரசனை ஆட்டுவது ஊர்ச்சொல்லே. காளிதாசர் நாடகஞ் செய்தபொழுது துருவாசர் சாபத்தைப் புகுத்தி, அரசன் மறந்தான் என்று அவனைக் குற்றத்தினின்று காத்தனர். இராமனுக்கு அவ்வாறொரு சாபம் அவர் படைத்திலர். அறிந்தே செய்தான் என்னும் சுமையை அவன்மேலேயே வைத்தனர். இரகுவமிசத்தின் தொடக்கத்தே சொல்லும் பொருளும்போலப் பிரிவின்றி நிற்கும் பார்வதி பரமேசுவரரை வணங்கியவர், அந்நூலின் பதினான்காஞ் சருக்கத்தே இப்பிரிவினைப் பாடுகின்றார் என்பதனைச் சைவ அன்பர்கள் நினைவிற் கொள்க. அம்மையப்பரின் பிரிவின்மையை நெஞ்சில் வைத்தவர்க்கு இப்பிரிவு இயல்பாகத் தோன்றியிராது.

பவபூதியார் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவர்; ஸ்ரீகண்டர் என்னும் சிவநாமத்தைப் பட்டமாக உடையவர். அவர் நாடகம் காலப்பிரியநாதர் திருவிழாவில் நடிக்கப்பெற்றதென்று அதன் முன்னுரை கூறும். அது உச்சயினி மாகாளரைக் குறிக்குமென்பர் பலர். கால்பியில் இருந்த கதிரவன் கோயிலென்பாரும் உளர். அந்நாடகத்தின் முதலங்கத்தில், குருவாகிய வசிட்டர் விடுத்த செய்தியை அட்டாவக்கிரர் கொணர்கின்றார்: குடிகளை மகிழ்வித்தலில் கருத்தூன்றுக என்பது. அதற்காக அன்பையும் இரக்கத்தையும் இன்பத்தையும், வேண்டின் சானகியையுமே துறப்பேன் என்று இராமன் அவள் முன்னிலையிலேயே கூறுகின்றான். அவளும் அதனைப் பாராட்டுகின்றாள். சிறிது போழ்தில் அவள் அவன் தோளிலே தலைவைத்து உறங்க, ஒற்றனாகிய துர்முகன் பழிச்செய்தியொடு வருகின்றான். இராமன் உறங்குகின்றவள் திருவடிகளிலே தன் தலையை வைத்து, இதுவே இறுதித் தீண்டல் என்று அழுகின்றான். முடிசூடிய தலை அது என்பதனைக் கவி மறந்திலர்.

மற்றொன்று. வசிட்டர், அருந்ததியார், தாயர் அனைவரையும் கலைக்கோட்டு முனிவரின் பன்னீராண்டு வேள்விக்கு முன்னரே அனுப்பிவிட்டே பவபூதியார் கதையைத் தொடங்குகின்றனர். அவர் உடனிருந்தால் இச்செயல் நிகழ்ந்திராது என்பது அவர் கருத்துப்போலும். வேள்வி முடிந்தபின், மருமகள் இல்லாத அயோத்திக்கு வாரேன் என்று அருந்ததியார் மறுத்துவிடுகின்றார். மூன்றாம் அங்கத்தில் பஞ்சவடியிலே வனதேவதையாகிய வாசந்தி இராமனைச் சினந்து, புகழை விரும்பி இது செய்தாய், இதனினும் கொடிய பழி வேறு யாது என்று கேட்கின்றாள். மக்கள் பொறார் என்பதன்றி அவனிடம் மறுமொழி இல்லை.

இனிப் பொற்பாவையின் செய்தி. வேள்வியிற் கணவனொடு பங்குபெறுதல் பற்றியே 'பத்தினி' என்னும் சொல் அமைந்ததென்பது பாணினி முனிவர் கொள்கை. மனைவி இன்றி வேள்வி இல்லை. அசுவமேதமோ அரசனுக்கே உரிய வேள்வி. எனவே மனையறத்தை நீக்கிய இடத்து அரசறமும் முற்றுப்பெறாது நின்றது. இராமன் வேறு மணந்தானல்லன். பொன்னாற் சீதையின் உருவம் செய்வித்து அருகிருத்திக் கோமதியாற்றங்கரை நைமிசாரணியத்தில் வேள்வி தொடங்கினான். இச்செய்தி செவிப்பட்டமையாலேயே பிராட்டி பிரிவின் துயரைப் பொறுத்தாள் என்பர் காளிதாசர். பவபூதியார் அதனை இன்னும் அணுகிக் காட்டுவர். பஞ்சவடியிலே கங்கையின் அருளால் பிறர் கண்ணுக்குப் புலனாகாது நின்ற சீதை, தன் அசுவமேதத்துக்குத் துணைவி ஒருத்தி உளள் என்று இராமன் கூறக் கேட்டு நடுங்குகின்றாள். சீதையின் பொன்னுருவம் என்று அவன் தொடர்ந்தபொழுது, கைவிடப்பட்ட நாணமாகிய முள் பிடுங்கப்பட்டது என்கின்றாள். அந்நாடகத்தில் இருவரும் மீண்டும் கூடுகின்றனர்.

வான்மீகி நூலில் அக்கூட்டம் இல்லை. மைந்தர் இருவரும் இராமகதையைப் பாடக்கேட்டு மன்னன் பிராட்டியை அவைக்கு அழைப்பித்தான்; முனிவர் அவள் தூய்மைக்குத் தம் தவத்தையே பிணையாக வைத்தனர்; அதன் பின்னரும் அவை முன் சூளுரைக்க வேண்டினான். அவள் உரைத்தாள், உலகறியச் சான்றும் ஆயிற்று; அச்சூளிலேயே நிலமகள் அரியணையொடு எழுந்து அவளை ஏந்திச் சென்றாள். இராமன் நிலத்தை வெகுண்டு அவளைத் திருப்பித் தருமாறு அச்சுறுத்தினான்; நான்முகன் வந்து தணிவித்தான். அதன்பின்னர் அவன் நெடுங்காலம் அரசாண்டு வேள்விகள் பல செய்தான். வேள்விதோறும் அவன் அருகே பத்தினியாக வீற்றிருந்தது அப்பொற்பாவையே.