சூரியனே இல்லாத இருட்டில் ஓசோனை அளப்பது எப்படி? காற்றின் 'கைரேகை' சொல்லும் கணக்கு!

அண்டார்டிகாவின் குளிர்காலத்தில், துருவத்தை ஒட்டிய பகுதிகளில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காது. வசந்தத்தில் ஓசோன் படலத்தில் விழும் ஓட்டைக்கு அடித்தளம் போடப்படுவதும் அந்த இருட்டில்தான். சூரிய ஒளியை நம்பியிருக்கும் கருவிகளுக்கு அப்போது எதுவுமே தெரியாது. அப்புறம் எப்படி அளக்கிறாங்க?

காற்றுக்கு வெளிச்சம் உண்டா?

உண்டு. ஆனா அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம். ஓசோன், மீத்தேன், நீராவி, கார்பன் டை ஆக்சைடு போன்றவற்றின் மூலக்கூறுகள் கடுங்குளிரிலும் அதிர்ந்தபடி அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். ஒவ்வொரு வாயுவுக்கும் அலைநீளம் தனித்தனி, கைரேகை மாதிரி. ஓசோனுக்கு 9.6 மைக்ரோமீட்டர் அருகே, கார்பன் டை ஆக்சைடுக்கு 15 மைக்ரோமீட்டர் அருகே வலுவான தடம் உண்டு. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதில் கிட்டத்தட்ட மௌனம்.

அளவு தெரிவது எப்படி?

கதிரின் பிரகாசம் வாயுவின் அளவையும் வெப்பநிலையையும் பொறுத்தது. கார்பன் டை ஆக்சைடின் அளவு ஓரளவு முன்பே தெரியும் என்பதால், அதன் கதிரை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுவார்கள். பிறகு மற்ற வாயுக்களின் அளவு கிடைத்துவிடும்.

மிபாஸ் செய்த வேலை

ஐரோப்பிய விண்வெளி முகமை 2002 மார்ச் 1-ல் ஏவிய என்விசாட் செயற்கைக்கோளில் இருந்த கருவிதான் மிபாஸ். சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து, நேர் கீழே பார்க்காமல் பூமியின் விளிம்பைப் பார்த்தது. பின்னணியில் குளிர்ந்த விண்வெளி இருப்பதால், எந்த உயரத்தில் எந்த வாயு எவ்வளவு என்று அடுக்கடுக்காகப் பிரித்தறிய முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அண்டார்டிக் ஓசோன் ஓட்டை இரண்டாகப் பிளந்த அபூர்வ நிகழ்வையும் பதிவு செய்தது.

சிக்கல் இல்லையா?

இருக்கு. அடர்த்தியான மேகம் குறுக்கே வந்தால் அதற்குக் கீழே பார்க்க முடியாது. கருவியின் சொந்த வெப்பமே அகச்சிவப்பாகக் குறுக்கிடும் என்பதால், உணரிகளை மைனஸ் 200 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும்.

இப்போது என்ன நிலை?

2012 ஏப்ரல் 8-ல் என்விசாட்டுடன் தொடர்பு அறுந்தது. மிபாஸின் அளவீடும் அதோடு நின்றது. 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. அது முழுசா தேற இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை இடைவெளி இல்லாமல் கண்காணிக்க வேண்டும். ஏன்னா, போன வருஷத்துக் காற்றை இன்னைக்குப் போய் அளக்க முடியாது!