மிஸ் ஸ்காட் எடுத்த தொலைபேசி

ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தில் பேசும் பெண் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான்: ஜெனரல் டர்ஜிட்சனின் செயலாளரும் காதலியுமான மிஸ் ஸ்காட். நீச்சலுடையில் படுத்திருக்கிறாள். ஜெனரல் கழிப்பறையில். தொலைபேசி அடிக்கிறது. எல்லை மீறிய அணுகுண்டுத் தாக்குதல் உத்தரவு பற்றிய செய்தி ஜெனரலுக்கு முன்பே அவள் காதில் விழுகிறது. அதை உள்ளே கத்திச் சொல்கிறாள், பதிலைத் திரும்பக் கடத்துகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்பதில்லை. அவளாக நடித்த டிரேசி ரீட், குண்டுவீச்சு விமானி புரட்டும் பிளேபாய் இதழின் நடுப்பக்கத்திலும் வருகிறார்.

உலகை அழிக்கத் தொடங்கும் ஜெனரல் ரிப்பருக்குப் பெண்கள் தன் உயிர்ச்சாரத்தை உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயம். முடிவிலோ, சுரங்கத்துக்குள் ஓர் ஆணுக்குப் பத்துப் பெண்கள் என்று டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் கணக்குச் சொல்ல, தலைவர்கள் ஆர்வமாகிறார்கள். இங்கெல்லாம் படம் சிரிப்பது ஆண்களைப் பார்த்துத்தான், அபாரமான சிரிப்பு. தொல்காப்பியத்தின் செம்பொருள் அங்கதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் மிஸ் ஸ்காட்டிடம் வரும்போது கேமரா ஜெனரலின் கண்ணையே கடன் வாங்கிக்கொள்கிறது. பகடி அங்கே நின்றுவிடுகிறது.

போர் அறையில் பெண்கள் இல்லாதது அந்நாளின் நிஜம். அதைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் இருந்தவர்கள் எங்கே?

1961 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் சுமார் 60 நகரங்களில் அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிராகப் பெண்கள் வேலையையும் அடுப்படியையும் விட்டு வெளியே வந்தார்கள். 'அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம்' என்று பெயர். சோதனைகளிலிருந்து கிளம்பிய ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தையின் எலும்பில் சேர்ந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரைஸ் தலைமையில், விழுந்த பால்பற்களைத் தாய்மார்களிடமிருந்து சேகரித்து ஆய்வு செய்தார்கள். அணுகுண்டைப் பால் டம்ளரில் கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

1962 டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஊடுருவலைத் துருவ, அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று இந்தப் பெண்களை அழைத்தது. கைக்குழந்தைகளோடு வந்து கூடத்தை நிரப்பினார்கள். முதல் சாட்சியின் பெயர் வாசிக்கப்பட்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நிற்கக் கூடாது என்றார் தலைவர். கைதட்டினார்கள். அதுவும் கூடாது என்றார். சாட்சி சொல்லப் போனவர்களுக்கு முத்தமும் பூங்கொத்தும் கொடுத்தார்கள். இயக்கத்தில் கம்யூனிஸ்டுகளைத் தடுப்பீர்களா என்று டாக்மர் வில்சனிடம் கேட்டார்கள். யாரையும் கட்டுப்படுத்தும் எண்ணமில்லை, உலகத்தார் எல்லாருமே சேர்ந்தால் நல்லது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பத்திரிகைகள் குழுவைத்தான் கேலி செய்தன.

என்னைக் கேட்டால், பனிப்போர்க் காலத்தின் மிகச் சிறந்த அங்கத நாடகம் அந்தக் கூடத்தில் நடந்ததுதான். 1963 ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஜனவரியில் மிஸ் ஸ்காட் திரைக்கு வந்தாள், நீச்சலுடையில்.