கோடும் நிறமும் சுவரும்

ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் 1917ஆம் ஆண்டு தியோ வான் டூஸ்பேர்க் 'டி ஸ்டைல்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதில் எழுதிய ஓவியர்களுள் முதன்மையானவர் பியெற் மொண்டிரியான். மரத்தையும் கடலையும் வரைந்துவந்த அவர், படிப்படியாக அவற்றைத் துறந்தார்; நேர்கோடு, செங்கோணம், சிவப்பு, நீலம், மஞ்சள், இவற்றோடு வெண்மை, கருமை, சாம்பல் என்பவற்றை மாத்திரமே கைக்கொண்டார்.

அவ்வோவியங்களை வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. வயிற்றுப்பாட்டுக்காக அவர் மலர்ச் சித்திரங்கள் தீட்டி விற்றார்; ஆயினும் கொள்கையைக் கைவிட்டாரல்லர். 1921 முதல் 1936 வரை பாரிஸில் தாம் வாழ்ந்த அறையின் சுவர்களில் வர்ண அட்டைகளைப் பொருத்தினார். அவற்றை இடம் மாற்றி மாற்றி, அறை முழுவதையுமே ஓர் ஓவியமாக்க முயன்றார். 1924இல் யூட்ரெக்ட் நகரில் திருமதி சுரோடருக்காக ரீட்வெல்ட் அமைத்த வீட்டிலும் இதே நோக்கம் விளங்குகின்றது.

இவ்வோவியங்களின் அச்சுப்பிரதியை இன்று இல்லத்துக்குத் தேர்வோர் இவ்வரலாற்றை மறத்தலாகாது. 1930இல் மொண்டிரியான் தீட்டிய, பெரிய சிவப்புச் சதுரத்தையுடைய புகழ்பெற்ற ஓவியம் ஏறத்தாழ 46 சென்ரிமீற்றர் அகலமும் உயரமுமே உடையது. அதனைச் சுவரளவுக்குப் பெருப்பித்தால் அதன் அடக்கம் அழியும். அவர் தம் ஓவியங்களைச் சட்டத்துக்குள் அடைக்காது, அதன் முன்னே நிற்குமாறு அமைத்தார். ஆதலால் பூவேலைச் சட்டம் இதற்குப் பொருந்தாது. இதன் வெண்பரப்பு வெற்றிடமன்று, அதுவும் ஓவியமே. ஆகவே சுற்றிலும் வெறுஞ்சுவர் இருத்தல் வேண்டும். படத்தைத் தேர்வதற்கு முன், சுவரைத் தேர்க.