எஸ்தர் அம்மையாரும் போர்வீரர் சட்டைகளும்

அமெரிக்க சுதந்தரப் போரின் வரலாற்றைப் பயிலும் மாணாக்கர் வாஷிங்டன் முதலிய சேனாபதியரின் பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பர். அச்சேனாபதியரோடு போர்க்களம் புக்க ஆடவர் விட்டுச்சென்ற இல்லங்களில் யாது நிகழ்ந்தது என வினவின், வாய்வாளாதிருப்பர். அக்குறை மாணாக்கர்பாலதன்று, எம்மனோராகிய ஆசிரியர்பாலதே. ஆகலின், கணவர் போர்ப்பணி மேற்கொண்ட காலத்து மனையகத்திருந்த பெருமாட்டி ஒருவர் ஆற்றிய தொண்டினை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

எஸ்தர் டி பெர்ட் என்னும் இவ்வம்மையார் 1746-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வணிகர் ஒருவர்க்கு மகளாய்ப் பிறந்தவர். சட்டம் பயிலும்பொருட்டு அமெரிக்காவினின்று வந்த ஜோசப் ரீட் என்பார்க்கும் இவர்க்கும் நேயம் உண்டாயிற்று. தந்தையார் இசையாமையாலும், இடையே பெருங்கடல் கிடந்தமையாலும், இருவரும் பல்லாண்டு காத்திருந்து 1770-இல் மணம் புரிந்து, அவ்வாண்டே பிலடெல்பியா நகரிற் குடியேறினர். 1775-இல் போர் மூண்டது. வாஷிங்டனுடன் சிறிது தொலைவு துணையாகச் சென்ற ரீட், அவர்க்குச் செயலாளராகிப் பாசறையிலேயே தங்கிவிட்டார்; மறுவாண்டில் சேனையின் அட்ஜூடண்ட் ஜெனரல் ஆனார். அம்மையாரோ சிறு மக்களைக் கையிற் பற்றிக்கொண்டு, பகைப்படை நெருங்கிய காலத்து ஊர்விட்டு ஊர் பெயர்ந்தார். தாம் பிறந்த நாட்டின் படையே தமக்குப் பகைப்படையாயினமையை வாசிப்போர் உய்த்துணர்க.

1780-ஆம் ஆண்டு அமெரிக்கர்க்குப் பெருந்துன்பம் விளைத்த ஆண்டாகும். மே மாதத்தில் சார்ல்ஸ்டன் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. வீரர்க்குரிய சம்பளம் நிலுவையில் நின்றது. கொடுத்த காகித நாணயமோ நாற்பது கொடுத்து ஒரு வெள்ளி டாலர் பெறும் நிலைக்கு இழிந்தது. உடுக்க உடையுமின்றி வருந்தினர் பலர். அக்காலை ரீட் பென்சில்வேனியாவின் ஆட்சிக்குழுத் தலைவராயிருந்தார். அம்மையார் அவ்வாண்டின் தொடக்கத்திற் பெரியம்மையுற்றுத் தேறி, மே மாதத்தில் ஓர் ஆண்மகவு ஈன்றவர். அம்மகவிற்கு ஜார்ஜ் வாஷிங்டன் என்றே பெயரிட்டனர்.

மகவு பிறந்த சின்னாளில், ஜூன் 10-ஆம் தேதி, "ஓர் அமெரிக்கப் பெண்ணின் கருத்துக்கள்" எனப் பொருள்படும் தலைப்புடன் அம்மையார் ஓர் அறிக்கைத்தாள் வெளியிட்டார். பெண்டிர் ஆடம்பரத்தை ஒழித்து, அதனால் மிஞ்சும் பொருளை வீரர்க்கு அளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் மகளிர் நகரைப் பகுதி பகுதியாய்ப் பிரித்துக்கொண்டு, வீடுதோறும் தாமே சென்று பொருள் கேட்டனர். நற்குடிப் பெண்டிர் தெருவில் இறங்கிக் கை நீட்டுதல் அந்நகரில் முன்பு காணாத காட்சியாம். அரசர் பக்கம் நின்ற குடும்பத்து மங்கை ஒருத்தி, 'இவர்களிடமிருந்து தப்புவதற்காகவே மக்கள் ஏதேனும் கொடுத்தனுப்புகின்றனர்' என்னும் கருத்துப்பட எள்ளி எழுதினாள். நன்கொடைப் புத்தகம் ஏந்தி வாயில்தோறும் நின்று பழகிய யாம் அதனைப் பொய்யென்று தள்ளத் துணியேம்! ஆயினும் கொடுத்தோர் 1,600-க்கு மேற்பட்டனர். பிரெஞ்சுப் பிரபுவாகிய லஃபாயெத் தம் மனைவியார் பெயரால் 100 கினி பொன் அளித்தார். பில்லிஸ் என்னும் கறுப்பினப் பெண் ஒருத்தி 7 ஷில்லிங் 6 பென்ஸ் அளித்தாள். இவ்விரண்டும் ஒரே கணக்கில் ஏறின. ஜூலை 4-ஆம் தேதி அம்மையார் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், காகித நாணயக் கணக்கில் 300,634 டாலர் சேர்ந்ததெனக் குறித்தார். வெள்ளியாக மதிப்பின் ஏறத்தாழ 7,500 டாலர் ஆகும்.

இனித்தான் ஒரு வழக்கு எழுந்தது. அத்தொகையைக்கொண்டு வீரர்க்குச் சட்டைகள் தைப்பித்தல் நன்று என்றார் வாஷிங்டன். அம்மையார் உடன்படவில்லை. சட்டை அளித்தல் அரசினர் கடன்; வீரன் பெறற்குரியதை அவனுக்கே கொடுத்துப் பரிசென்று பெயரிடுதல் பொருந்தாது; ஆதலின் தலைக்கு இரண்டு வெள்ளி டாலர் கையிற் கொடுப்போம் என்பது அவர் கருத்து. சேனாபதியோ, வெள்ளியைக் கண்ட வீரர் தம் சம்பளமாகிய காகிதத்தை மேலும் வெறுப்பர், சிலர் குடித்தும் அழிப்பர் என மறுத்தெழுதினார். ஈண்டு நீதி யார்பக்கல் உளது? பாசறையின் குறையை அறிந்தவர் சேனாபதி, அதில் ஐயமில்லை. ஆயின் கடனையும் கொடையையும் ஒன்றாக்கலாகாது என்ற அம்மையாரின் சொல்லும் எம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. பொதுப்பணம் திரட்டுவார் எவர்க்கும் இவ்வழக்கு ஒருநாள் வந்தே தீரும்.

அம்மையார் தம் கருத்தை விடுத்துச் சேனாபதியின் கருத்திற்கு இசைந்தார். ஆகஸ்ட் மாதத்தில் ரீட் பென்சில்வேனியாவின் குடிப்படையோடு டிரெண்டன் பாசறைக்குச் சென்றிருந்தார். கணவர் அங்கிருப்ப, அம்மையார் துணி வாங்கும் வேலையை மேற்கொண்டார். தையற்கூலி கொடுப்பின் சட்டைகளின் தொகை குறையும் ஆதலின், மகளிர் தாமே வெட்டித் தைக்கத் துணிந்தனர். அவ்வேலை முற்றுமுன், செப்டம்பர் 18-ஆம் தேதி, வயிற்றுக்கடுப்பு நோயால் அம்மையார் உயிர்நீத்தார். அப்பொழுது அவர்க்கு வயது 33.

பெஞ்சமின் பிராங்கிளினின் புதல்வியார் சாரா பேச் என்பாரும் பிற மகளிரும் எஞ்சிய வேலையை ஏற்றனர். அக்காலத்து அந்நகர் வந்த பிரெஞ்சுச் சேனாபதி ஷாத்தல்லூ, சாரா அம்மையாரின் இல்லத்தில் ஓர் அறை நிறையச் சட்டைகள் குவிந்திருக்கக் கண்டு தம் நூலில் எழுதிவைத்தார். ஒவ்வொரு சட்டையிலும் அதனைத் தைத்த பெண்ணின் பெயர் பொறித்திருந்ததாம். டிசம்பர் மாத இறுதியில், மார்கழிக் குளிரினும் கொடிய அந்நாட்டுப் பனிக்காலத்தில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சட்டைகள் மூட்டை கட்டப்பெற்று வீரர்க்கு அனுப்பப்பட்டன.