இனாமா, கூலியா? தீபாவளி போனஸ் குறித்துச் சில குறிப்புகள்

ஐப்பசி பிறந்தால் ஒரே கதையாடல்தான். 'இந்த ஜனங்க வட்டிக்கு வாங்கியாவது புதுத்துணி எடுப்பாங்க, பட்டாசு கொளுத்துவாங்க. அப்புறம் கார்த்திகை முழுக்க அழுவாங்க.' வட்டிக்கு விடுகிறவர் சொல்கிறார், வங்கி மேலாளர் சொல்கிறார், நம்மோடு உட்கார்ந்து டீ குடிக்கும் முற்போக்குத் தோழரும் சொல்கிறார். பண்டிகைக்காலப் பணநெருக்கடியை ஏழையின் குணக்கேடாக வாசிக்கும் இந்தப் பார்வைக்கு நூற்றைம்பது வருட வயது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்புகள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். தீபாவளியைப் பெரியார் கடுமையாகத் தாக்கினார். பணம் பாழாவதையும் சுட்டிக்காட்டினார். ஆனால் நரகாசுரன் கதை நம்மை இழிவுபடுத்துகிறது, அதைக் கொண்டாடலாமா என்று அவர் கேட்டது மக்களின் சுயமரியாதையை நோக்கி. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு 'ஊதாரிப் பயலுக' என்று முணுமுணுக்கிற முதலாளியின் குரல் வேறு. இரண்டிலும் சொற்கள் ஒன்றுபோல இருக்கலாம். சேர்த்துக் கட்டக்கூடாது.

1875-இல் புனே, அகமத்நகர் மாவட்டங்களில் விவசாயிகள் திரண்டு வட்டிக்காரர்களின் கடன்பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். அதை விசாரிக்க வெள்ளைக்கார அரசு ஒரு கமிஷனைப் போட்டது. கல்யாணம், சடங்கு, பண்டிகைச் செலவுதான் கடனுக்குக் காரணம் என்பதற்கு மிதமிஞ்சிய முக்கியத்துவம் தரப்பட்டுவிட்டது என்று அந்தக் கமிஷனே எழுதியது. காலனிய ஆவணம் ஒன்று நம் பொதுப்புத்தியைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது!

ஆனாலும் 1931-இல் வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கையில் பண்டிகையும் கல்யாணமும் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்த அறிக்கையை எதிர்த்திசையில் வாசிக்க வேண்டும். பெரும்பாலான தொழில் மையங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குத் தொழிலாளர்கள் கடனாளிகள். பெரும்பாலும் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். சாதாரண வட்டி மாதம் ரூபாய்க்கு ஓரணா, அதாவது வருடத்துக்கு 75 சதவீதம். மாதக்கூலி அடுத்த மாதம் பாதியில் கைக்கு வருகிற இடங்களும் இருந்தன. உழைத்து ஆறு வாரம் கழித்துக் காசு பார்க்கிறவன் நடுவில் எதைச் சாப்பிடுவான்? முதலாளிக்கு அவன் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தனக்கு ஓரணா வட்டிக்கு வாங்குகிறான். சம்பளத்தை ஏழு நாளுக்குள், ஆயிரம் பேருக்குக் குறையாத இடமென்றால் பத்து நாளுக்குள், கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது 1936-இல்.

போனஸின் கதையும் இதேமாதிரி நிறுத்திவைக்கப்பட்ட கூலியின் கதைதான். 'பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தை வெள்ளைக்காரன் திருடினான், அதைத் திருப்பி வாங்கியதுதான் போனஸ்' என்று வருடாவருடம் ஒரு துண்டுச் செய்தி சுற்றுகிறது. அழகான கணக்கு. வாரக்கூலி 52, நாலால் வகுத்தால் 13. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. வரலாறு பம்பாய்ப் பஞ்சாலைகளிலிருந்து தொடங்குகிறது. முதல் உலகப்போரில் ஆலைகள் கொள்ளை லாபம் பார்த்தன, விலைவாசி ஏறியது. 1917-இல் கூலியோடு 10 சதவீதம், அடுத்த வருடம் 15 சதவீதம் 'போர் போனஸ்'. பிறகு சில வருடங்கள் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 1923-இல் 'இனி கிடையாது' என்றார்கள் முதலாளிகள். 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை நீதிபதி மெக்லியாட் தலைமையிலான குழு, தொழிலாளிக்கு இதில் சட்டப்படியான உரிமை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. கொடுத்தது இனாம், அவ்வளவுதான்.

அந்த 'இனாம்' என்ற சொல்லை உடைக்க நாற்பது வருடம் ஆயிற்று. 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு டிரிபியூனல் உபரி லாபத்தில் பங்கு என்றது. 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவீதம், அதிகபட்சம் 20. நஷ்டமானாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும்; 1966-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. லாபமே இல்லாதபோதும் தரவேண்டியது எப்படி லாபத்தின் பங்காகும்? கூலி என்று சட்டம் வாய்திறந்து சொல்லவில்லை, கணக்கில் ஒப்புக்கொண்டது. 1972-இல் அது 8.33 ஆனது. பன்னிரண்டில் ஒன்று, பம்பாயில் மறுத்த அதே ஒரு மாதச் சம்பளம். 1975 செப்டம்பரில், தீபாவளிக்குச் சில வாரங்களே இருக்கையில், நெருக்கடிநிலை அரசு அவசரச் சட்டம் போட்டு மறுபடி 4-க்கு இறக்கியது. 1977-இல் ஜனதா ஆட்சி 8.33-ஐத் திரும்பக் கொண்டுவந்தது.

1965 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சுவாரஸ்யமானது. பூஜை போனஸ் போன்ற வழக்கமான பண்டிகைப் பணத்தை முதலாளி முன்பே கொடுத்திருந்தால், தரவேண்டிய போனஸில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கொடை எதிர்க்கொடையைக் கோரும் என்றார் மார்செல் மோஸ். இங்கே கொடை கழிவாகவே திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் தொழிலாளியின் பேச்சுமொழி இந்தக் குழப்பத்துக்கு என்றைக்கும் இடம் கொடுத்ததில்லை. 'போனஸ் போட்டாச்சா?' என்றுதான் கேட்கிறோம், 'சம்பளம் போட்டாச்சா?' என்பதைப்போல. (பிச்சையும் 'போடுவது'தானே என்பார் ஒரு குசும்பர். இருக்கட்டும்.)

இந்த வரலாற்றில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சட்டம் தொழிற்சாலைகளையும் 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களையும்தான் பார்த்தது. 1965 சட்டத்தை விழுங்கிய 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்த 20 அப்படியே நிற்கிறது. கணக்குக்கான சம்பள உச்சவரம்பை 2015 திருத்தம் 3,500-லிருந்து 7,000-க்கு உயர்த்தியது. அந்த 7,000-க்குக் குறைந்தபட்ச போனஸ் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். தமிழக அரசு தன் பொதுத்துறை ஊழியருக்கு 20 சதவீதம் அறிவிக்கிற வருடங்களில் 16,800. வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கு? ஒரு புடவை, கொஞ்சம் பணம், 'நாங்க எப்பவும் குடுப்போம்' என்ற பெருமிதம். 1924-இன் தீர்ப்பு அந்தச் சமையலறையில் இன்னும் அமலில் இருக்கிறது.

அதனால் அவள் சீட்டு கட்டுகிறாள். வாரம் நூறு, ஐம்பது வாரம், தீபாவளிக்கு ஐயாயிரம்; கூடவே ஸ்வீட், பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். முதலாளி பிடித்துவைத்துக் கொடுத்திருக்க வேண்டியதைத் தன் கூலியிலிருந்து தானே பிடித்துக்கொள்கிறாள். இவளைத்தான் நாம் ஊதாரி என்கிறோம். 1982-இன் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது, முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடைசெய்யும் 2019 சட்டமும் இருக்கிறது. இருந்தும் ஐப்பசியில் ஏஜெண்டு கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினால், சீட்டு அட்டையோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது அவள்தான்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிப் பக்கம் இன்னொரு வடிவம். அங்கே பண்டிகைச் செலவுக்குக் கிடைப்பது முன்பணம். வாங்கியவர் அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புது முதலாளி பழைய கடனைக் கட்டி 'எடுக்க' வேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் வருடம் 1976. மில் தொழிலாளிக்கு வருடக்கடைசியில் பாக்கிக்கூலியாக வருகிற அதே தீபாவளிப் பணம், தறிக்காரருக்கு அடுத்த வருட உழைப்பின்மீது போட்ட கயிறாக வருகிறது.